மண் தின்கிற தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சி,

உன் பேரைப் போடல. உன்னை மாதிரி ஒளிச்சுத் தின்கிற மத்த புள்ளைகளும் படிக்கட்டும்னுதான் இங்க எழுதுறேன்.

போன வாரம் வந்தப்ப நீ முந்தானையில முடிஞ்சு வச்சிருந்ததைப் பார்த்தேன். விளாச்சேரிப் பானையோட சில்லு. ஒரு ஓரம் பல்லுப்பட்டு வழவழன்னு தேஞ்சிருந்துச்சு. "இதென்ன கருமம், மண்ணைத் தின்னுக்கிட்டு"ன்னு அத்தை வைஞ்சதும் நீ தலையைக் குனிஞ்ச பாரு, அது மனசை விட்டுப் போகல.

மசக்கையில மண் கேக்குறது நேத்து முளைச்ச பழக்கமில்ல தாயி. புறநானூறு 20-ஆம் பாட்டுல குறுங்கோழியூர் கிழார் சேர மன்னனைப் பாடுறார்: உன் மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, வயவு, அதான் மசக்கை, கொண்ட பெண்கள் ஆசைப்பட்டு உண்டாத்தான் உண்டு. ஒரு ராசாவோட பெருமையையே அதை வச்சுத்தான் சொல்லியிருக்காரு. நம்ம அப்பத்தா அடுப்பு மண்ணைப் பேத்துத் தின்னுச்சு. அம்மாவுக்குத் திருநீறு. பெரியவன் வயித்துல இருந்தப்ப எனக்குச் சிலேட்டுக்குச்சி. கோடைமழையில மொதத் துளி வாசல்ல விழுந்து வாசம் வந்தா வாயெல்லாம் எச்சி ஊறும். நாக்குல ஒட்டி, கொஞ்சங்கொஞ்சமாக் கரைஞ்சு, கடைசியில பல்லுல நறநறன்னு... தின்னவளுக்குத்தான் தெரியும்.

ஆனா ஆறாம் மாசம் நாலு படி ஏறுனாலே எனக்கு மூச்சு வாங்குச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்துப் பார்த்தா ஹீமோகுளோபின், அதான் ரத்த அளவு, 7.8. மாசமா இருக்கிறவளுக்கு 11 ஆச்சும் இருக்கணும். நர்சம்மா வையல, பக்கத்துல உக்காந்து சொன்னாங்க. ரத்தம் குறைஞ்ச உடம்புதான் பெரும்பாலும் இப்படி மண்ணு கேக்குமாம். தின்ன களிமண்ணோ, சோத்துல இருக்கிற இரும்புச்சத்தையும் பிடிச்சு வச்சுக்கிட்டு உடம்புல சேர விடாது. தரை மண்ணுன்னா புழு முட்டையும் கூடவே உள்ள போகும்.

இரும்புச்சத்து மாத்திரை 180 நாளைக்குக் குடுப்பாங்க. அதைச் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோட சேர்த்துப் போடாத, டீ குடிச்ச கையோடயும் போடாத. வெளிக்குக் கறுப்பாப் போகும், பயந்து நிறுத்திராத. எனக்கு ரத்தம் ஏற ஏற, சிலேட்டுக்குச்சி நெனப்பே இல்லாமப் போச்சு.

செவ்வாய்க்கிழமை மொத பஸ்ஸுக்கே வந்துர்றேன். நாம ரெண்டு பேருமா போயி ரத்தம் பார்ப்போம். அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன். டாக்டரம்மா கேட்டா, எத்தனை மாசமாத் தின்கிற, எந்த மண்ணுன்னு மறைக்காமச் சொல்லு.

உன் அக்கா