வினாக்கொத்தை இப்போதைக்குத் தள்ளி வை

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் நல்லூர்த் தேருக்கு முதல்நாள் வந்தது. பதில் பிந்தியதற்குத் திருவிழாவுக்கென்று வந்து இறங்கிய உறவுக்காரர்தான் காரணம். கனடாச் சித்தி இன்னும் திரும்பிப் போகவில்லை, போகிற எண்ணம் இருப்பதாகவும் தெரியவில்லை. உன் மகன் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட செய்தியைக் கேட்டதும் அம்மா அவன் பேரில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டார். நட்சத்திரம் தெரியாமல் என்னை அரித்து எடுத்தார், அடுத்த கடிதத்தில் எழுது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் சங்கங்களுக்கான சேமிப்புச் செயலி முடிகிற கட்டத்தில் இருக்கிறது, வெளியிடுவதற்கு முன் நூறு பேருக்கு வினாக்கொத்து கொடுத்துக் கருத்துக் கேட்கலாமா என்று எழுதியிருந்தாய். வேண்டாமெடி. எங்கள் சனத்திடம் ஒரு பொருளைக் காட்டி "எப்பிடி இருக்கு?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று உனக்கும் தெரியும். "நல்லாத்தான் இருக்குப் பிள்ளை." பாவம், கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறதுகள், முகத்துக்கு நேரே குறை சொல்லுவதா என்ற இரக்கம் அது. நூறு பேரும் நூறு தரம் அதையே எழுதித் தருவார்கள். அதே ஆளின் கையில் செயலியைக் கொடுத்து ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லிப்போட்டுப் பேசாமல் பார். மூன்றாவது திரையில் விரல் நின்றுவிடும். உனக்கு வேண்டியது அந்த இடம். இதற்குப் பேர் பயன்பாட்டுச் சோதனை.

நான் இப்போது பார்க்கிற வேலை, கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் போன் மூலம் சீற் பிடிக்கிற ஒரு செயலியை இப்படிச் சோதிப்பது. கணிதம் படிப்பித்தவளுக்கு இது என்ன தொழில் என்று சிரிப்பாய். ஆனால் சோதனைக்குப் பணி எழுதுவதும் பரீட்சைக்கு வினா எழுதுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: விடை வினாவுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. "பயணத்தைத் தேடு என்பதை அழுத்தி, வெள்ளிக்கிழமையைத் தெரிவுசெய்து, சீற் ஒன்றைப் பதிவு செய்யுங்கள்" என்று எழுதினால் திரையில் இருக்கிற சொற்களையே கையில் கொடுத்துவிட்டாய். அவர் சொல்லைத் தேடி அழுத்துவார், நீயும் எல்லாம் சரி என்று நினைப்பாய். நாங்கள் எழுதியது இப்படி: "உங்கட அம்மா வெள்ளி இரவு தனியக் கொழும்புக்குப் போகவேணும். கொடிகாமத்தில ஏறி வெள்ளவத்தையில இறங்குவா. அவவுக்கு ஒரு இடம் எடுத்துக் குடுங்கோ." மிச்சம் அவர் பாடு.

இந்த ஒரு பணியிலேயே எவ்வளவு வெளியே வந்தது தெரியுமா? ஏறும் இடங்களின் பட்டியலைச் செயலி எழுதிய பொடியன்கள் அகரவரிசையில் போட்டிருந்தார்கள். கிளிநொச்சி, கொடிகாமம், சாவகச்சேரி என்று போகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் தெற்கே போகிற எவருக்கும் சாவகச்சேரி, கொடிகாமம், கிளிநொச்சி என்ற ஒழுங்குதான் மனதில் இருக்கிறது. ஒரு ஐயா பட்டியலைப் பார்த்துவிட்டு, "இது கொழும்பில இருந்து வாற பஸ்ஸாக்கும்" என்று பின்னுக்குப் போய்விட்டார். அடுத்தது, அம்மா தனியப் போகிறா என்றவுடன் எல்லாரும் பக்கத்துச் சீற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று தேடினார்கள். செயலியில் அதற்கு ஒரு அடையாளமும் இல்லை. கோல் எடுத்துக் கதைத்துப் பதிவு செய்த காலத்தில் சனம் முதலில் கேட்ட கேள்வியே அதுதான். இதை எந்த வினாக்கொத்தில் எந்தக் கட்டத்தில் கேட்டிருப்பாய்?

எத்தனை பேர் வேண்டும் என்று பயப்படாதே. இந்தச் சோதனைகளை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தோமஸ் லண்டவரும் 1993 இல் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. சராசரியாக ஒரு ஆளைப் பார்த்தால் இருக்கிற சிக்கல்களில் 31 வீதம் தெரியவரும். இரண்டாமவர் பெரும்பாலும் அதே கல்லில்தான் தடக்குவார், புதிதாகக் கொஞ்சம் காட்டுவார். ஐந்து பேரில் 85 வீதத்தை எட்டிவிடலாம். அதனால் பதினைந்து பேர் கிடைத்தால் ஒரே தடவையில் பார்க்காதே. ஐந்து பேரைப் பார், திருத்து, பிறகு அடுத்த ஐந்து. நீ கணக்குக்காரியின் சிநேகிதி என்றபடியால் ஒன்று சொல்கிறேன்: அந்த 31 அவர்கள் பார்த்த திட்டங்களின் சராசரி. உன் செயலியில் சிக்கல்கள் அரிதாகத் தலைகாட்டுகிறவை என்றால் ஐந்து காணாது. ஆட்கள் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். சங்கத்தின் பொருளாளர் கணக்கு எழுதுகிறவர், அங்கத்தவர் காசு கட்டுகிறவர். இது இரண்டு கூட்டம், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பேராவது வேண்டும். உங்கள் அலுவலகத்துப் பிள்ளைகளின் தாய்மாரைக் கூப்பிடாதே, அவர்கள் மகளின் மானத்தைக் காப்பாற்றவே வருவார்கள்.

ஆட்களை எடுத்தபிறகும் மரியாதை விட்டுப் போகாது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்ததிலிருந்து "நான் பிழை விட்டிட்டன், எனக்கு இதுகள் சரிவராது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தொடங்க முதலே, "நாங்கள் சோதிக்கிறது இந்தச் செயலியை, உங்களை இல்லை, நீங்கள் தடக்குகிற இடம்தான் எங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிடு. இதைச் செய்தது நான் இல்லை என்றும் சொல், அது பாதிச் சங்கடத்தைக் குறைக்கும். வந்ததற்குக் கொடுக்கிற போன் காசை, அதுதான் ரீலோட்டை, தொடக்கத்திலேயே போட்டுவிடு. கடைசியில் கொடுத்தால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லித்தான் வாங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது பழைய முறை. உளவியல்காரர் வைத்திருந்ததை 1982 இல் ஐபிஎம்மில் கிளேட்டன் லூயிஸ் கணினித் திரைகளுக்குக் கொண்டுவந்தார். எங்கள் ஆட்களுக்கு அது முதலில் கூச்சம். நான் முதலில் வேறு ஏதாவது ஒரு செயலியைத் திறந்து நானே கதைத்துக் காட்டுவேன், பிறகு வரும். மிகவும் கஷ்டம் உன் வாயை மூடி வைத்திருப்பது. அவர் தடுமாறி உன் முகத்தைப் பார்த்து "இதை அமத்தவோ?" என்று கேட்பார். "நான் இல்லாட்டி என்ன செய்திருப்பீங்கள்?" என்று மட்டும் கேள். படிப்பித்த வாய்க்கு இது பெரிய தண்டனை.

சோதனை அவர்களுடைய சொந்தப் போனிலேயே நடக்கட்டும். அலுவலகப் போனில் அழகாக இருந்த திரை, எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிற ஒரு அன்ரியின் போனில் கீழே வழிந்து, "உறுதிசெய்" பட்டன் கண்ணுக்கே படவில்லை. தமிழ்ச் சொற்கள் நீளம், பட்டனுக்குள் அடங்காது. உங்களுக்கும் இது வரும்.

குறிப்பு எடுக்க இன்னொரு ஆளை வை. "குழம்பினார்" என்று எழுத விடாதே, "இரண்டு தரம் பின்னுக்குப் போனார்" என்று எழுதட்டும். செயலி எழுதிய பொடியன்களை அடுத்த அறையில் இருத்திப் பார்க்க வை. முதல் ஆளுக்கு "அவவுக்குப் போன் பாவிக்கத் தெரியாது" என்பார்கள். மூன்றாவது ஆளும் அதே இடத்தில் நின்றால் சத்தம் வராது. அப்பட்டமான பிழை என்றால் அடுத்த ஆள் வரமுன் திருத்தினாலும் குற்றமில்லை. மைக்ரோசொப்ட்காரர் ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் 2 விளையாட்டின் பயிற்சிப் பகுதியை அப்படித்தான் சோதித்துத் திருத்தினார்கள்.

திரையையும் குரலையும் பதிவு செய்வதென்றால் எழுத்தில் சம்மதம் வாங்கு. தனிநபர் தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் 2022 இலேயே வந்துவிட்டது, காசு விஷயத்தில் நீங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சோதனையில் உண்மைக் கணக்கு இலக்கம் எதுவும் வேண்டாம், பொய்யான அங்கத்தவர் ஒருவரை உருவாக்கி வை.

வினாக்கொத்து கேட்டே தீர வேண்டும் என்று உங்கள் பணிப்பாளர் நின்றால், சோதனை முடிந்த கையோடு பாவிக்க எவ்வளவு இலகு என்று அளக்கிற, பத்து வசனம் உள்ள சிஸ்ரம் யூசபிலிற்றி ஸ்கேலைக் கொடு. ஜோன் புரூக் 1986 இல் செய்தது. ஒரு வசனம் புகழ்ந்தும் அடுத்தது குறை சொல்லியும் மாறி மாறி வரும். புள்ளி 100 வரை போகும், ஆனால் அது வீதம் இல்லை, 68 ஐத்தான் சராசரி என்கிறார்கள். ஐந்து பேரின் புள்ளியை அறிக்கையில் பெரிதாகப் போட்டுவிடாதே.

உன் பணித்தாளை எழுதியவுடன் எனக்கு அனுப்பு. முதலில் அலுவலகக் கணக்காளரோடு ஒரு வெள்ளோட்டம் பார். எந்தப் பணி இழுபடுகிறது, எந்த வசனம் விளங்கவில்லை என்று அதிலேயே தெரிந்துவிடும். ஒரு ஆளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதே, வாகரையிலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் நேரத்தையும் பார்த்துக்கொள். தம்பியின் கலியாணம் எந்த மாதம் என்று முடிவாகிவிட்டதா? ஐப்பசி கார்த்திகை என்றால் மழை பிடித்துக்கொள்ளும், வைகாசியில் வையுங்கள், நான் பள்ளி விடுமுறை பார்க்கத் தேவையில்லாமல் வருவேன்.

அன்புடன்,
கௌரி