மதியம் 3 மணிக்குத் திறக்கும் ஒரு அறைக்காக: ஓட்டல் தொழிலாளர் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அனைவருக்கும் வணக்கம்.

சென்னையில் ஓட்டல்களிலும் லாட்ஜ்களிலும் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து அமைத்திருக்கும் குழு இது. சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், சப்ளையர், பாத்திரம் கழுவுகிற அக்காக்கள், லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறவர்கள் என்று எல்லோரும் இருக்கிறோம். திருவல்லிக்கேணியில் எங்கள் சங்க அலுவலகத்து மாடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கே வருடம் முழுக்க நடக்கிற ஒரு வாக்காளர் உதவி மையத்தைத் தொடங்க உங்களிடம் பணம் கேட்டு இதை எழுதுகிறோம்.

எதற்கு இந்த மையம் என்பதை எங்கள் குழுவில் இருக்கும் ஒரு தோசை மாஸ்டரின் கதையிலிருந்து தொடங்குகிறேன். சிவகங்கை மாவட்டத்துக்காரர். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தின நாள், ஏப்ரல் 18 இரவு, வேலை முடித்துக் கிளாம்பாக்கம் போய், திருச்சி வரை நின்றுகொண்டே பயணம் செய்து, விடிந்த பிறகு ஊர் சேர்ந்தார். குளித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றார். அடையாள அட்டை கையில் இருந்தது. பட்டியலில் பெயர் இல்லை. அட்டை இருந்தால் மட்டும் போதாது, பட்டியலில் பெயரும் இருக்க வேண்டும் என்று அங்கே இருந்த அலுவலர் பொறுமையாகத்தான் விளக்கினார். அதற்கு மேல் அன்றைக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வேட்பு மனு வாங்கும் கடைசி நாளோடு பட்டியலில் பெயர் சேர்ப்பது நின்றுவிடும். இவருக்குப் போக வரச் செலவு, இரண்டு நாள் சம்பளம் எல்லாம் போனது. அதையெல்லாம் விட, அம்மாவும் தம்பியும் விரலில் மையோடு திரும்பி வரும்போது வாசலில் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னார் பாருங்கள், அதுதான் எங்களை இந்த வேலையில் இறக்கியது.

என் கதை வேறு. 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. அப்போது நான் சப்ளையர். "ஓட்டுப் போட்டுட்டு வா, ஆனா ஒரு மணி நேரத்துல வந்துடணும்" என்றார் மேனேஜர். என் வாக்குச்சாவடி அருப்புக்கோட்டைப் பக்கம், 500 கிலோமீட்டருக்கு மேல். அன்றைக்குப் பார்சல் கட்டுதான் எங்களுக்குப் பெரிய வேலை, இரவு வரை நிற்கவே நேரமில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு, நாடாளுமன்றத் தேர்தலுக்கும் சட்டமன்றத் தேர்தலுக்கும் வாக்குப்பதிவு நாளன்று வாக்குரிமை உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. தினக்கூலிக்காரருக்கும் இது உண்டு. மீறுகிற முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். ஒரு மேசைக்கு ஒரு வேளை வருகிற பில்லைவிடக் குறைவு. உள்ளாட்சித் தேர்தலுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பதையும் போகப் போகத்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் ஆட்கள் பலருக்கு மற்ற எல்லாத் தேர்தலையும் விட ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தல்தான் நெருக்கமானது.

விடுமுறைக்காகச் சங்கம் ஒவ்வொரு முதலாளியிடமும் பேசுகிறது, அது தனி. ஆனால் வாக்குப்பதிவு நாளில் வந்து நிற்கிற பிரச்சினையின் வேர் அதற்கு மாதக்கணக்கில் முன்பே இருக்கிறது. வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாக்காளர் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் 2025 டிசம்பர் 19-ஆம் தேதி தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. அதில் 66 லட்சத்துக்கு மேல் முகவரியில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள் என்ற கணக்கில் போனவை. படிவத்தோடு வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஊரில் கதவைத் தட்டும்போது எங்கள் ஆள் சென்னையில் மாவு அரைத்துக்கொண்டிருப்பார். சென்னையில் மேன்ஷனுக்கு அலுவலர் வந்தால், இங்கே இவர் பெயர் எப்போதுமே இருந்ததில்லை. 2024-இல் மாநிலம் முழுக்க 69 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானபோது மத்திய சென்னையில் 54-ஐ ஒட்டித்தான் நின்றது. நகரத்து மக்களுக்கு அக்கறை இல்லை என்று அப்போது நிறையப் பேசினார்கள். எங்கள் ஆட்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. இங்கே உழைக்கிறார்கள், பெயர் வேறெங்கோ இருக்கிறது, அல்லது எங்குமே இல்லை.

சரி, இங்கேயே பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம். புதிதாகச் சேர படிவம் 6, முகவரி மாற படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு மாதங்களின் முதல் தேதியைத் தகுதி நாளாக வைத்து 18 வயதானவர்கள் சேரலாம். ஆனால் ஒருவர் பெயர் ஒரே ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். ஊரை விட்டுப் பெயரை எடுப்பது என்பது எங்களில் பலருக்கு நெஞ்சை அறுக்கிற விஷயம். ஊரில் வீடு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, கோயில் வரி கட்டுகிறார்கள். பட்டியலில் பெயர் போனால் அந்த ஊர்க்காரன் என்பதே போய்விடும் என்று பயப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், 20 வருடமாக இங்கேயே இருக்கிறவர், பிள்ளைகள் இங்கே மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறவர், குடிதண்ணீருக்கு இந்த வார்டு கவுன்சிலரிடம் நிற்கிறவர், இங்கேதான் வாக்களிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் அதைத் தொழிலாளிதான் முடிவு செய்ய வேண்டும். அவர் எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறார், சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதை உட்கார வைத்துச் சொல்வோம். எந்தப் பக்கமும் தள்ள மாட்டோம்.

முகவரிச் சான்றுதான் அடுத்த மலை. மேன்ஷனில் ஒரு அறையில் ஆறு பேர், அல்லது ஓட்டல் மாடியிலேயே படுக்கை. வாடகை ஒப்பந்தம் கிடையாது. கேட்கிற சான்று எதுவும் இல்லாதவர்களை நேரில் வந்து விசாரித்துச் சேர்க்க வழி இருக்கிறது. நடைபாதையில் தூங்குகிறவரைக்கூட இரவில் வந்து பார்த்துச் சேர்க்கச் சொல்லியிருக்கிறது தேர்தல் ஆணையம். இதையெல்லாம் விண்ணப்பத்தோடு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அலுவலர் வரும் நேரத்தில் இவர் அறையில் இருக்கும்படி முதலாளியிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கவும் ஒரு ஆள் வேண்டும்.

பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்கிறவர்களுக்கும் உதவுவீர்களா என்று நன்கொடை கேட்கப் போன இடத்தில் சிலர் கோபமாகவே கேட்டார்கள். உதவுவோம். ஒரே அடுப்பில் நிற்கிறோம், சட்டமும் ஒன்றுதான். 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் வேறு மாநிலத்தில் இருந்துகொண்டே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரத்தைக் கட்சிகளுக்குக் காட்ட முன்வந்தது. கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சு அங்கேயே நின்றது. அது வரும் வரை ஒருவர் பெயர் எங்காவது ஒரு பட்டியலில் சரியாக இருப்பதுதான் ஒரே வழி.

இது ஓட்டல் தொழிலாளர் சங்கத்தின் வேலையா என்று தயங்குகிறவர்களுக்கு அமெரிக்காவின் லாஸ் வேகாஸைச் சொல்வேன். அங்கே சுமார் 60,000 பேர் இருக்கும் சமையல் தொழிலாளர் சங்கம் இருக்கிறது, 226-ஆவது கிளை என்பார்கள். தேர்தல் நேரத்தில் வேலையிலிருந்து விடுப்பு எடுத்து வீடு வீடாகப் போகவும், பிறகு அதே வேலைக்குத் திரும்பவும் ஒப்பந்தத்திலேயே உரிமை வாங்கி வைத்திருக்கிறார்கள். 2008 ஜனவரி 19 அன்று ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டங்கள் நடத்தியபோது, ஷிப்டில் இருந்தவர்களுக்காகச் சூதாட்ட ஓட்டல்களுக்கு உள்ளேயே ஒன்பது இடங்களில் கூட்டம் நடந்தது. தடுக்கப் போட்ட வழக்கும் நிற்கவில்லை. தொழிலாளி இருக்கும் இடத்துக்கு வாக்கு வந்தது. அந்தச் சங்கம் வேட்பாளர்களை வெளிப்படையாக ஆதரிக்கும். எங்கள் மையம் ஆதரிக்காது. எங்கள் குழுவில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், கட்சிக்கொடி அறைக்குள் வராது.

வாக்குப்பதிவுக்குப் பஸ் பிடித்துக் கொடுங்கள் என்று நிறையப் பேர் சொன்னார்கள். வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறு யாருமோ வாக்காளரை இலவசமாக வண்டியில் கூட்டிப் போவது ஊழல் நடவடிக்கை என்கிறது சட்டம். எங்களுக்கு வேட்பாளர் யாரும் இல்லைதான். ஆனாலும் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வாக்காளர் கையில் ஒரு ரூபாய்கூட இந்த நிதியிலிருந்து போகாது.

சங்கத்தின் சந்தாப் பணத்தில் ஏன் செய்யக் கூடாது என்பதற்கும் பதில் உண்டு. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திலிருந்தே வரும் விதி இது. வாக்காளர் பதிவு மாதிரியான வேலைக்குப் பொது நிதியைத் தொடக் கூடாது, விருப்பப்பட்டுத் தருகிற பணத்தில் தனி நிதி வைக்க வேண்டும், தராத உறுப்பினரை ஒதுக்கக் கூடாது. நல்ல விதி. அதன்படிதான் தனிக் கணக்கு.

ஒரு வருடத்துக்கு 3,40,000 ரூபாய் தேவை. இரண்டு பேருக்குப் பகுதி நேரச் சம்பளம் மாதம் 9,000 வீதம் 2,16,000. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் 60,000. கரண்ட், இணையம், ஜெராக்ஸ் மாதம் 4,000 வீதம் 48,000. தமிழிலும் இந்தியிலும் துண்டறிக்கைக்கு 16,000. அறைக்கு வாடகை இல்லை. உறுப்பினர்கள் டிப்ஸ் பணத்திலிருந்து 85,000 சேர்த்துவிட்டார்கள். மீதி 2,55,000-ஐ உங்களிடம் கேட்கிறோம். 100 ரூபாயும் எங்களுக்குப் பெரிசுதான். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களில் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம், வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் அதை அனுமதிக்காது. கட்சிகளிடமும் வேட்பாளர்களிடமும் வாங்க மாட்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவை அலுவலக வாசலில் ஒட்டுவோம்.

ரசீதுப் புத்தகம் எங்கள் உறுப்பினர்களிடம் இருக்கிறது. நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலில் சப்ளையரிடம் கேட்டுப் பாருங்கள், எங்கள் ஆளாக இருக்கலாம். வங்கிக் கணக்கு விவரம் ரசீதின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறோம். பணம் கொடுத்தால் ரசீது வாங்காமல் போகாதீர்கள். இப்போதைக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும், மதியச் சாப்பாடு முடிந்து மாலை டிபன் தொடங்கும் வரை, 3 மணியிலிருந்து 5 மணி வரை அறையைத் திறக்கிறோம். உங்கள் பணம் சேர்ந்ததும் தினமும் திறப்போம். பழைய கம்ப்யூட்டர் வேலை செய்கிற நிலையில் இருந்தால் அதையும் கொண்டு வரலாம். மாடிப்படி குறுகல், பார்த்து ஏறுங்கள்.