மூன்று அறைச் சிறகு

அன்புள்ள கயல்,

நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலாம். குறுவை அறுப்பு முடிந்தது, வைக்கோலைப் போர் போட்டாயிற்று. இனி சம்பாதான்.

போன வாரம் வயலில் பார்த்த பூச்சியின் போட்டோவை அனுப்பிவிட்டு அதைக் குளவி என்று நான் சொன்னதும் சிரித்தாயே. "குளவிக்கு நாலு சிறகுப்பா, இது ஈ. போட்டோவை வைத்துப் பேரினம், அதாவது நெருங்கிய சிற்றினங்களின் கூட்டம், எதுவென்று சொல்ல மாட்டேன், சிறகு நரம்பை எண்ணிப் பாருங்க" என்றாய். எண்ணிவிட்டேன்.

வாய்க்கால் தலைப்பில் நட்ட மூங்கில் குச்சிதான் அந்த ஈக்கு ஆசனம். தேனீ ஒன்று தாண்டிப் பறந்தது. இது ஒரே பாய்ச்சல். பிடித்துக்கொண்டு அதே குச்சிக்கு வந்து உட்கார்ந்து, ஊசி மாதிரி வாயை இறக்கியது. எச்சில் உள்ளே ஏறியதும் தேனீ கரைந்து கூழாகிவிடும் என்று நீதானே சொன்னாய். கால் மணி நேரம் கழித்துச் சக்கையை உதறிவிட்டது. கொள்ளைக்கார ஈ என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

அப்புறம் போர்செட் கொட்டகையில், சிலந்தி வலையில் அதே மாதிரி ஈ ஒன்று செத்துக் கிடந்தது. நீ விட்டுப் போன லென்ஸில் பார்த்தேன். இரண்டு கண்ணுக்கும் நடுவே உச்சியில் பள்ளம், முகத்தில் முரட்டு மீசை. பிடிபட்டது திமிறும்போது முகத்தைக் காப்பது அந்த மீசைதானாம். சிறகில் நரம்புகள் வரப்பு மாதிரி ஓடுகின்றன. முன்விளிம்பை ஒட்டி நீ சொன்ன இடத்தில், நரம்புகளுக்கு நடுவே மூன்று அறை. கொள்ளைக்கார ஈயில் நீ சொன்ன இரண்டு பேரினத்தில், ஆசிலஸுக்கு இரண்டுதான், புரோமாக்கஸுக்கு மூன்று. ஆகவே இது புரோமாக்கஸ். சரியா?

உன் புத்தகத்தையும் புரட்டினேன். 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த ஆசிலஸ் என்ற பெயர், லத்தீனில் மாட்டைக் கடிக்கும் ஈயைக் குறிப்பதாம். இது மாட்டைச் சீண்டுவதே இல்லை! ஆரம்பத்தில் இந்த வகை ஈ எல்லாவற்றையும் அந்த ஒரே பேரினத்தில் அடைத்திருக்கிறார்கள். இன்று ஏழாயிரம் சிற்றினத்துக்கு மேல், பேரினம் மட்டும் ஐந்நூறு தாண்டும். 1848இல் லோவ் என்ற ஜெர்மன்காரர் புரோமாக்கஸைத் தனியாகப் பிரித்தார். முன்னணியில் நின்று போரிடுபவன் என்று கிரேக்கத்தில் பொருளாம். இது பொருத்தம்.

இன்னொன்று. லின்னேயஸின் மாணவர் கோனிக், 1768இல் நம் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்தவர். இங்கிருந்து அவர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர் இன்னொரு மாணவர் ஃபேப்ரிசியஸ். அந்த ஃபேப்ரிசியஸ் 1775இல் ஆசிலஸ் மாக்குலேட்டஸ் என்று ஒரு ஈக்குப் பெயரிட்டிருக்கிறார். இப்போது அது புரோமாக்கஸ் மாக்குலேட்டஸ், பின்னாலேயே அடைப்புக்குறிக்குள் ஃபேப்ரிசியஸ் 1775. பேரினம் மாறினாலும் முதலில் பெயர் வைத்தவரை விடுவதில்லை, அடைப்புக்குள் போட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

கல்யாணத்துக்கு அப்புறம் உன் பாஸ்போர்ட்டில் இனிஷியல் மாறியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. அந்த அடைப்புக்குறி எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

சிறகைத் தீப்பெட்டியில் வைத்து, எறும்பு ஏறாமல் பாச்சை உருண்டையைப் பொடித்துப் போட்டிருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது நீயே எண்ணிப் பார். லென்ஸைத் திருப்பிக் கேட்காதே.

அன்புடன்,
அப்பா