வீணாகிற சூட்டுக்கும் ஒரு நிதி ஒதுக்குங்கள்

தமிழ்நாடு அரசின் எரிசக்தித் துறை, நிதித் துறை அதிகாரிகளுக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கும்,

வணக்கம்.

டெல்டாவில் பாய்லர், ஏசி பிளான்ட், கூலிங் பிளான்ட் என்று வேலை பார்த்துப் பிழைக்கிற ஆள் நான். மானியம் வாங்கித் தருகிற ஏஜென்ட் இல்லை. கேட்க வந்தது ஒன்றுதான். ஏற்கெனவே கட்டி, ஓடிக்கொண்டிருக்கிற கட்டடங்களில் புகைபோக்கி வழியாகவும் மொட்டைமாடி வழியாகவும் வெளியே போகிற சூட்டைப் பிடித்து மறுபடி உபயோகிக்க அரசு தனியாக ஒரு நிதி வைக்க வேண்டும். அந்தப் பணத்தையும் மீட்டரில் மிச்சம் தெரிந்த பிறகுதான் முழுசாகக் கொடுக்க வேண்டும்.

இதைச் சொன்னால் முதலில் வருகிற கேள்வி, "நம்ம ஊர் வெயிலுக்குச் சூட்டைப் பிடிச்சு வெச்சு என்னய்யா பண்ணப் போற?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஸ்டாக்ஹோமில் டேட்டா சென்டரிலிருந்து வெளியேறுகிற வெப்பத்தைக் குழாய் போட்டு எடுத்து வீடுகளைச் சூடாக்குகிறார்கள், அங்கே குளிர் அப்படி. நமக்கு அந்தத் தேவை கிடையாது. ஆனால் நெல்லை ஊறவைக்க, அவிக்க, உலர்த்தச் சூடு வேண்டும். ஆஸ்பத்திரித் துணி வெளுக்க, பால் பண்ணையில் குழாய் கழுவ, மாணவர் விடுதியில் உலை வைக்க வெந்நீர் வேண்டும். இதற்கெல்லாம் ஒரு பக்கம் உமியும் டீசலும் கரண்டும் செலவழித்துக்கொண்டு, அதே கட்டடத்தின் இன்னொரு பக்கம் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

புழுங்கல் அரிசி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி, அதை எரித்துத்தான் பாய்லர் ஓடுகிறது. நெல்லை எழுபது டிகிரிப் பக்கம் உள்ள வெந்நீரில் ஊறப்போட்டு, நீராவி விட்டு அவித்து, டிரையரில் ஏற்றி உலர்த்துகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சூடு ஒழுகுகிறது. ஊறல் தொட்டியைத் திறந்துவிடும்போது கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் வெளியே ஓடுகிறது. டிரையர் காற்றைச் சூடாக்குகிற ரேடியேட்டரில் நீராவி தன் வேலையை முடித்துவிட்டு, தொண்ணூறு டிகிரிக்கு மேல், சுத்தமான தண்ணீராகத் திரும்பி வருகிறது. நான் பார்த்த பழைய ஆலைகள் பலவற்றில் அந்தக் குழாயைச் சுவருக்கு வெளியே நீட்டிவிட்டிருப்பார்கள், கீழே மண் அரித்த பள்ளத்தில் ஆவி பறக்க ஊற்றிக்கொண்டே இருக்கும். நாலு அடி தள்ளி, போர் தண்ணீரை முப்பது டிகிரியில் பாய்லருக்குள் பம்ப் செய்துகொண்டிருப்பார்கள்!

பாய்லருக்குப் போகிற தண்ணீரின் சூடு 6 டிகிரி கூடினால் எரிபொருள் சுமார் 1 விழுக்காடு குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகமே தன் பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறது. 30 டிகிரித் தண்ணீர் 75 ஆகப் போனால் 7 விழுக்காட்டுக்கு மேல். இதற்கு ஒரு தொட்டி, ஒரு பம்ப், கொஞ்சம் குழாய், மேலே சுற்ற இன்சுலேஷன், அவ்வளவுதான். புகையின் சூட்டை 22 டிகிரி இறக்கி, உள்ளே போகிற காற்றுக்கு ஏற்றினால் அது தனியாக இன்னொரு 1 விழுக்காடு. உமி சும்மாதானே கிடைக்கிறது என்று முன்பெல்லாம் ஆலைக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் காலம் போயிற்று, இப்போது செங்கல் சூளைக்காரரும் மற்ற பாய்லர்காரர்களும் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.

சரி, இவ்வளவு லாபம் என்றால் அவர்களே செய்துகொள்ளலாமே, அரசுப் பணம் எதற்கு? சின்ன ஆலைக்காரருக்குக் கையில் காசு வருகிறபோது அது நெல் வாங்கப் போய்விடும், குழாய் மாற்ற வராது. அப்புறம், உமி பாய்லரின் புகை லேசுப்பட்டதில்லை. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. புகையின் சூட்டில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிற எகனாமைசரின் குழாயில் அது படிந்தால் சூடு ஏறாது, வேகமாக அடித்தால் உப்புத்தாள் மாதிரி குழாயையே தேய்த்துவிடும். ஒழுங்காகப் பிரஷ் போட ஆள் வைக்காத ஆலையில் எகனாமைசர் மாட்டினால் கொஞ்ச நாளிலேயே அதைத் தாண்டிப் பைபாஸ் போட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் மானியத்தில் வந்த சாமான் அப்படித்தான் கிடக்கிறது, போட்டோ பிடித்த அன்று ஓடியதோடு சரி. அதனால்தான் மீட்டர், மீட்டர் என்று அடித்துக்கொள்கிறேன். சாமானை மாட்டியதும் பாதி, ஓராண்டு அளந்து பார்த்து மீதி என்று வையுங்கள். குழாய் சுத்தம் செய்கிற செலவையும் திட்டத்துக்குள்ளேயே சேருங்கள். எத்தனை கிலோவாட் மாட்டினார் என்று பார்த்து மானியம் கொடுத்தால், தேவைக்கு இரண்டு மடங்கு பெரிய சாமானை விற்றுவிட்டுப் போகத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஈர நெல் விஷயத்துக்கு வருகிறேன். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் மழையைக் கூட்டிக்கொண்டு வருகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. மழை பிடித்த ஆண்டெல்லாம் டெல்லிக்குக் கடிதம், மத்தியக் குழு வருகை, பேட்டி. 2022 அக்டோபரில் 19 வரை தளர்த்தினார்கள், 2025-இல் 22 கேட்டோம். இதற்கு நடுவில் விவசாயி தார்ரோட்டில் நெல்லைக் கொட்டி, பஸ் வருகிறபோதெல்லாம் ஒதுங்கி, மறுபடி கிளறிக்கொண்டு நிற்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1 டன் நெல்லை 22-லிருந்து 17-க்கு இறக்க எடுக்க வேண்டிய தண்ணீர் 60 கிலோதான். அதற்குக் கொதிக்கிற காற்றும் தேவையில்லை, நாற்பது நாற்பத்தைந்து டிகிரியே போதும். அதற்கு மேல் போனால் நெல் உள்ளுக்குள் வெடித்து அரவையில் நொய்தான் மிஞ்சும். அதாவது வேறு எதற்கும் ஆகாது என்று நாம் விட்டுவிடுகிற மட்டமான சூடு இதற்குச் சரியாக இருக்கிறது. புகையில் 100 கிலோவாட் சூடு பிடிக்க முடிந்தால், இழப்பெல்லாம் போக, மணிக்கு ஏறக்குறைய 1 டன் நெல்லை இப்படி உலர்த்தலாம்.

புகையை நேராக நெல்லில் விடச் சொல்லவில்லை, அரிசி நாறிவிடும். புகைக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு வெப்பமாற்றி, ஒரு பிளோயர், உலர்த்தும் தொட்டி. நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு டெல்டாவில் சொந்தமாகவே நவீன அரிசி ஆலைகள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் பிடித்து, பக்கத்து நான்கைந்து கொள்முதல் நிலையங்களின் ஈர நெல்லை மட்டும் ஒரு குறுவைக்கு அங்கே உலர்த்திப் பாருங்கள். மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடக்கிற எல்லாவற்றையும் இது காப்பாற்றிவிடாது, அது எனக்கும் தெரியும். லாரி வாடகையும் சுமைக்கூலியும் யார் தலையில் என்பதை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால் இதுவும் காட்சிப்பொருளாகத்தான் நிற்கும்.

இது அரசுக்குத் தெரியாத வித்தையும் இல்லை. திருவாரூர் மாவட்டத்தில் கோவில்களப்பால் எரிவாயு மின் நிலையம் உங்கள் மின்வாரியம் கட்டியதுதான். மொத்தம் சுமார் 108 மெகாவாட் திறன், அதில் சுமார் 38 மெகாவாட் எங்கிருந்து? எரிவாயு டர்பைன் வெளியே விடுகிற சூட்டில் நீராவி போட்டு இன்னொரு டர்பைனைச் சுற்றி எடுப்பது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவுச் சூடு! மின் நிலையத்தில் இதைச் செய்யாவிட்டால் எந்தப் பொறியாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதே ஆள் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வரைபடம் போடும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

அடுத்து கும்பகோணம். 2028-இல் மகாமகம். லாட்ஜெல்லாம் இப்போதே மாடி ஏற்றவும் ஏசி மாட்டவும் ஆரம்பித்திருப்பார்கள், இல்லையென்றால் ஆரம்பிக்கப் போகிறார்கள். நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிற கூட்டத்தின் பழக்கம் உங்களுக்குத் தெரியும், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெந்நீர்க் குழாயைத் திறப்பார்கள், ஐந்தரைக்கு வேன் கிளம்பிவிடும். ஏசி எப்போது ஓடுகிறது? ராத்திரி முழுக்க. ஏசி 1 யூனிட் கரண்டைத் தின்று அறையிலிருந்து 3 யூனிட் சூட்டை எடுத்து, ஆக மொத்தம் 4 யூனிட்டை மொட்டைமாடியில் கொட்டுகிறது. அந்த மாடிக்கு நேர் கீழே, அதே அறையின் குளியலறையில், கரண்டில் கீசர் ஓடுகிறது. ராத்திரி சேர்த்த சூடு விடியற்காலை செலவாகிவிடும், நடுவில் இன்சுலேஷன் போட்ட ஒரு டாங்க் போதும். இப்படிப் பொருந்துகிற தேவையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

1,000 லிட்டர் தண்ணீரை 28-லிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற சுமார் 25 யூனிட் வேண்டும். 20 டன் சென்ட்ரல் ஏசி ராத்திரி பாதிச் சுமையில் ஓடினால்கூட, கம்ப்ரஸருக்கு அடுத்து, அதிலிருந்து வருகிற சூடான வாயுவில் தண்ணீரைச் சூடாக்குகிற ஒரு டீசூப்பர்ஹீட்டர் வைத்து, வெளியே கொட்டுகிற சூட்டில் ஆறில் ஏழில் ஒரு பங்கைப் பிடித்தால் கிட்டத்தட்ட 2,000 லிட்டர் வரும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், அறைக்கு ஒன்றாக ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி தொங்குகிற சின்ன லாட்ஜுக்கு இது சரிப்படாது. நாற்பது மெஷினுக்கும் குழாய் இழுக்கிற செலவு மிச்சத்தைத் தின்றுவிடும், அவர்களுக்கு சோலார் வாட்டர் ஹீட்டரே தேவலை. நிதி விதியில் இந்த வித்தியாசம் இருக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே படிவம் என்று அச்சடித்துவிடாதீர்கள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சில்லர், அதாவது கட்டடத்தைக் குளிரூட்டுகிற பெரிய மெஷின், இரவு பகலாக ஓடுகிறது, பக்கத்திலேயே சலவைக்கும் கருவி சுத்தம் செய்யவும் வெந்நீர் வேண்டும், மேலே சொன்ன கணக்குதான். பால் குளிரூட்டும் நிலையத்தில் அமோனியா கம்ப்ரஸர், அதுவும் இப்படித்தான் சூட்டை வெளியே கொட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால் பாலைச் சூடாக்கிக் கிருமி கொல்கிற பாஸ்சரைசருக்குள்ளேயே சூடான பால் வருகிற பாலைச் சூடாக்கித் தானும் குளிர்கிற ஏற்பாடு எப்போதோ வந்துவிட்டது. அந்த மெஷினை விட்டு நாலு அடி வெளியே வந்தால் அந்த புத்தி நின்றுவிடுகிறது.

இப்போது இருக்கிற திட்டங்களைப் பார்க்கிறேன். வீட்டு மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் தருகிறது, நல்லது, தரட்டும். எரிசக்திச் சிக்கனக் கட்டட விதிகள் புதிதாகக் கட்டுகிற, 100 கிலோவாட்டுக்கு மேல் இணைப்பு உள்ள வணிகக் கட்டடங்களுக்கானவை. சிறுதொழில்களுக்கு எரிசக்தித் தணிக்கைச் செலவில் 75 விழுக்காட்டை மாநில அரசே திருப்பித் தருகிற திட்டம் இருக்கிறது, நிஜமாகவே நல்ல திட்டம், ஆனால் அது தொழிற்கூடத்துக்கு. அரசு ஆஸ்பத்திரியும் விடுதியும் அதில் வராது. பழைய கட்டடம் நடுவில் விழுந்துவிடுகிறது. டெல்டாவில் இருப்பதோ பெரும்பாலும் பழைய கட்டடம். 2020-இல் வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்து உருக்காலை, எண்ணெய்க் கிணறு எல்லாம் புதிதாக வரக்கூடாது என்றீர்கள், கைதட்டி வரவேற்றவர்களில் நானும் ஒருவன். அப்படியென்றால் இங்கே எரிசக்தியில் மிச்சம் பிடிக்க வேண்டியது இருக்கிற ஆலையிலும் இருக்கிற கட்டடத்திலும்தானே?

அரசுக் கட்டடங்களில் இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை உங்கள் கணக்குத் தலைப்புதான். சாமான் வாங்குகிற பணம் பொதுப்பணித் துறையில், கரண்ட் பில் கட்டுகிற பணம் வேறு தலைப்பில். கஷ்டப்பட்டு மிச்சம் பிடித்த கண்காணிப்பாளருக்கு அடுத்த ஆண்டு பில் ஒதுக்கீட்டைக் குறைத்துவிடுவீர்கள். எந்த மனுஷன் செய்வான்? மிச்சமானதில் பாதியாவது அந்த ஆஸ்பத்திரி, அந்த விடுதி கையிலேயே மூன்று நாலு ஆண்டு இருக்கட்டும், மீதி நிதிக்குத் திரும்பி வந்து அடுத்த கட்டடத்துக்குப் போகட்டும். டெண்டரிலும் குறைந்த விலைக்காரருக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள், ஐந்து ஆண்டு பராமரிப்பையும் சேர்த்து விலை கேளுங்கள். பணம் கேட்டு வருகிறவர் முதலில் ஒழுகுகிற ஸ்டீம் டிராப்பை (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றுகிற வால்வு) மாற்றி, மொட்டையாகக் கிடக்கிற குழாய்க்கு இன்சுலேஷன் போட்டுவிட்டு வர வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள், அதற்கு மானியமே தேவைப்படாது.

கடைசியாக, தேதி. தயவுசெய்து மார்ச்சில் உத்தரவு போட்டு 31-ஆம் தேதிக்குள் செலவு செய் என்று சொல்லாதீர்கள். அப்போது சம்பா நெல் வந்து குவிந்து ஆலைகள் முழு வேகத்தில் ஓடும், ஒருவரும் பாய்லரை அணைக்க மாட்டார். ஆண்டுக்கு ஒருமுறை பாய்லர் ஆய்வுக்காக நிறுத்தியே ஆக வேண்டும், எகனாமைசரும் குழாயும் மாட்ட அந்த நாள்கள்தான் தோது. ஒவ்வொரு அரசு ஆலையின் ஆய்வுத் தேதியும் பாய்லர் துறையிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலை வாங்கி, அதற்கு இரண்டு மாதம் முன்னால் பணம் வருகிற மாதிரி உத்தரவைப் போடுங்கள்.

இப்படிக்கு,
டெல்டாவில் பாய்லர் வேலை பார்க்கும் ஒருவன்