காய்ச்சலோடு வருகிறவரின் உடம்பில் அந்தக் கறுப்புப் பொருக்கைத் தேடுங்கள்

வடக்கின் சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருக்கிற ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

பற்றைக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உண்ணி கடித்து வருகிற உண்ணிக்காய்ச்சலைப் (ஸ்க்ரப் டைபஸ்) பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. மாரியோடு அது எங்கள் பக்கம் வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், என் அம்மாவுக்கு அதுதான் என்று சொல்ல 13 நாள் ஏன் போனது?

நாங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில், பஸ் வீதியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறோம். போர் முடிந்து மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வளவு முழுக்கப் பற்றை, அதை வெட்டித்தான் குடியேறினோம், இன்றைக்கும் விறகுக்கும் ஆட்டுக்குக் குழைக்கும் அந்தப் பற்றைக்குள்தான் போகிறோம். தை மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். முதல் தடவை டெங்கு இல்லை என்று பரசிட்டமோல் தந்து அனுப்பினார்கள். இரண்டாம் தடவை எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்றார்கள். மூன்றாம் தடவை வார்டில் மறித்து ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கவேயில்லை. கனடாவில் இருக்கிற மாமா போனில், "அங்கே உண்ணி கடிக்கிறதா? இங்கே அதால லைம் நோய் வரும், கடிச்ச இடத்தில வட்டமாச் சிவக்கும், பார்த்தனீங்களோ?" என்று கேட்டார். நான் கைகால் முழுக்கச் சிவப்பு வட்டம் தேடினேன். வைத்தியரிடம் சொன்னபோது, அந்த நோய் இங்கே இல்லை என்றதோடு பேச்சு முடிந்தது. சரி, லைம் இல்லை. ஆனால் பூச்சி ஏதும் கடித்ததா என்று அப்போதாவது பார்த்திருக்கலாமே?

உடம்பு துடைக்க வந்த தாதி ஒருவர்தான் கண்டார். மார்புக்குக் கீழே, சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு, அந்த உண்ணி கடித்த அடையாளம். நோவும் இல்லை, அரிப்பும் இல்லை, விறகு கீறியது என்று அம்மா விட்டுவிட்டார். ஆண்கள் நிற்கிற இடத்தில் அவர் தானாகவா சட்டையை விலக்கிக் காட்டுவார்? திரையை இழுத்துவிட்டு, ஒரு பெண் தாதியை வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதாதா? அன்று பின்னேரமே இந்தக் காய்ச்சலுக்கான டொக்சிசைக்கிளின் குளிசை கொடுத்தார்கள், இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவு நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. அம்மாவின் இடது காது இன்னும் மந்தம். பின்னால் வருகிற மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்காமல் வீதியில் நடக்கிறார், எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அந்தக் குளிசை விலை கூடியதல்ல. பிந்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரைக்கும் போகிற வருத்தம் இது. வேறு ஊசிகள் சில இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்பதும் நீங்கள் படித்ததுதான். எங்களுக்கு ஒரு தடவை வைத்தியசாலைக்கு வருவது என்றால் ஒரு நாள் கூலி போய்விடும், அதுவும் பஸ் வந்தால். மூன்று தடவை வந்தோம். மூன்று தடவையும் இரத்தம் எடுத்தார்கள், உடம்பைப் பார்க்கவில்லை.

அதனால் கேட்கிறேன். வன்னியில் காய்ச்சலோடு வருகிற ஒவ்வொருவரிடமும் பற்றைக்குள் போனீர்களா என்று கேளுங்கள். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே அந்தப் பொருக்கைத் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் கொழும்பு முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குங்கள். அந்தப் பரிசோதனையை எங்களுக்குக் கிட்டவே செய்ய ஒரு வழி பாருங்கள்.

கோபத்தில் எழுதியது கூடிப்போயிருந்தால் மன்னியுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். அதற்கு முன்னம் எல்லா வார்டுகளுக்கும் இதை ஒரு அறிவுறுத்தலாக அனுப்பும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
முல்லைத்தீவு மாவட்டம்