செத்தல் மிளகாய் விளைந்த இடத்தையும் பைக்கற்றில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

கனடாவிலுள்ள மகளுக்கு அனுப்பவென்று கடந்த கிழமை கடையொன்றில் மிளகாய்த்தூள் வாங்கினேன். வழமையாக வீட்டில்தான் வறுத்து இடிப்பேன். இம்முறை உடம்பு இடம்கொடுக்கவில்லை. பைக்கற்றில் 'யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. செத்தல் எந்தத் தோட்டத்தது என்று கேட்டேன். "மூடை கொழும்பிலிருந்து வருகிறது ரீச்சர், அதற்கு முந்தியது எனக்குத் தெரியாது" என்றார் கடைக்காரர். அவரில் குற்றமில்லை. பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதிலும் இல்லை.

உரும்பிராய்ச் செம்மண்ணில் என் ஐயா மிளகாய் வைத்தவர். பறித்த பழத்தைக் குவித்துச் சாக்கால் மூடி ஓரிரு நாள் விடுவார். அரைகுறையாய்ச் சிவந்த பழமும் அதற்குள் நிறம் பிடித்துவிடும். பிறகு பனையோலைப் பாயில் வெயில். பொழுதுபட முன் நாங்கள் பிள்ளைகள் கூட்டி அள்ள வேண்டும். பனி பட்டால் வெளிறிவிடும். நாலு இறாத்தல் பழம் காய்ந்தால் ஒரு இறாத்தல் செத்தல்தான் தேறும். ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்குவார். விதை கலகலவென்றால்தான் சாக்கில் கட்டுவார்.

எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது மிளகாயும் வெங்காயமும் குடாநாட்டில் எத்தனையோ கல்வீடுகளை எழுப்பின. எங்கள் வீட்டு ஓடும் மிளகாய்க் காசுதான். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது, விலை விழுந்தது, ஐயா புகையிலைக்கு மாறினார். இன்று இலங்கையர் உண்ணும் செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது.

"மிளகாயே வெளியிலிருந்து வந்ததுதானே மாமி" என்கிறான் மருமகன். உண்மைதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அதுவரை எங்கள் கறிக்கு உறைப்புத் தந்தது மிளகு. மிளகுக்கொடி வெற்றிலைக்குச் சொந்தம். மிளகாயோ கத்தரி, தக்காளி, புகையிலை ஆகியவற்றின் குடும்பம். மிளகோடு அதற்குப் பெயரில் மட்டும்தான் உறவு. ஆனால் வந்த செடிக்குக் கிணற்று நீர் இறைத்து, இலைச்சுருள் நோயோடு மல்லுக்கட்டி வளர்த்தவர்கள் எங்கள் தோட்டக்காரர்கள். இன்றும் வளர்க்கிறார்கள்.

வறுக்கும் பதமும் மல்லி, சீரகச் சேர்மானமும் யாழ்ப்பாணத்துக்குரியவை. அந்தப் பெயரை எவரும் எடுக்க வேண்டாம். அதன் கீழே செத்தல் விளைந்த நாட்டையும், உள்ளூர் என்றால் மாவட்டத்தையும் ஒரு வரியில் அச்சிடும்படி மிளகாய்த்தூள் தயாரிப்பாளர்களைக் கேட்கிறேன். அதிகாரிகள் அதைக் கட்டாயமாக்க வேண்டும். இங்கு விளைந்த செத்தலென்று தெரிந்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்க நானும் என் அயலவர்களும் ஆயத்தம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
உரும்பிராய்.