தயங்காத வாசகனுக்கு எழுதுவது

அன்பு சேகர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இரவுப் பணியிலிருந்து ஒருவழியாக விடுபட்டுவிட்டேன். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் முழங்காலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை வழக்கம்போல் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளுகிறாயா?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் நெட்வொர்க் கருவிகளை, தானே அவற்றை அழைத்து வேலை பார்க்கும் ஏஐ ஏஜென்ட் கையில் கொடுக்கப்போகிறார்கள், அதற்கு விளக்கம் எழுதும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது. இருக்கிற தடித்த கையேட்டையே கொடுத்துவிட்டால் போதாதா என்கிறாய். போதாது. அது நம்மைப் போன்றவர்களுக்கு எழுதியது. நமக்குச் சந்தேகம் வந்தால் என்டர் தட்டும் முன் பக்கத்து இருக்கைக்காரரை ஒரு வார்த்தை கேட்போம். ஏஜென்ட் பெரும்பாலும் அப்படி நிற்பதில்லை. நீ எழுதாமல் விட்டதைத் தானே ஊகித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

உனக்குத் தெரிந்த உதாரணமே சொல்கிறேன். சிஸ்கோ சுவிட்சில் ட்ரங்க் போர்ட்டுக்கு (பல விலேன்களை, அதாவது தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகளை, ஒரே இணைப்பில் சுமக்கும் போர்ட்) விலேன் 20-ஐ அனுமதிக்கும் கட்டளை இருக்கிறதே, அதில் 'ஆட்' என்ற சொல்லைப் போட்டால் பழைய பட்டியலோடு 20 சேரும். போடாவிட்டால் பழைய பட்டியல் போய் 20 மட்டும் மிஞ்சும். இரண்டையும் சுவிட்ச் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். இந்தக் கட்டளையை ஏஜென்ட் அழைக்கும் ஒரு கருவியாக்கி, 'ட்ரங்க் போர்ட்டின் விலேன்களை அமைக்கும்' என்று மட்டும் எழுதி வைத்தால் ஏஜென்ட் எதைப் புரிந்துகொள்ளும்? 'கொடுக்கும் பட்டியல் பழையதை முழுவதும் நீக்கிவிட்டு அதன் இடத்தில் வரும். ஒன்றைச் சேர்க்க மட்டும் என்றால் இது வேண்டாம், சேர்க்கும் கருவியை அழை' என்று எழுது. எந்தக் கருவியை எப்போது அழைக்கக் கூடாது என்ற வரிதான் பல கையேடுகளில் இருக்காது.

அடுத்தது, கருவி திருப்பித் தரும் பதில். இதில்தான் நீ அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்பேன். சாதனங்களின் நிலையைக் கேட்டறியும் எஸ்என்எம்பி நெறிமுறையின் பழைய பதிப்புகளில், கடவுச்சொல் மாதிரியான கம்யூனிட்டி சொல் தவறாக இருந்தால் சாதனம் பொதுவாக வாயே திறக்காது. நமக்கு வருவது டைம்அவுட், அதாவது பதில் வராமலே நேரம் முடிந்துவிட்டது என்ற செய்தி. சாதனம் செத்துக் கிடந்தாலும் அதே டைம்அவுட்தான். அனுபவமுள்ளவன் முதலில் கடவுச்சொல்லைச் சந்தேகிப்பான். ஏஜென்ட், 'ரவுட்டர் இயங்கவில்லை' என்று அறிக்கை எழுதிவிட்டு, அனுமதி இருந்தால் ரீபூட்டும் செய்துவிடும். அதனால் டைம்அவுட் வந்தால் என்னென்ன காரணங்கள் இருக்கலாம், அடுத்து எதைச் சோதிக்க வேண்டும் என்பதைப் பிழைச் செய்தியிலேயே சொல்லிவிடு. காலிப் பட்டியலும் அப்படித்தான்: அலாரமே இல்லையா, கேட்டுப் பார்க்க முடியவில்லையா என்பது பதிலில் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

அலகுகளை மறந்துவிடாதே. போர்ட்டின் வேகத்தைச் சொல்லும் பழைய எஸ்என்எம்பி மதிப்பு 32 பிட். 10 கிகாபிட் போர்ட்டைக் கேட்டாலும் 4,294,967,295-க்கு மேல் அதனால் சொல்ல முடியாது. புதிய மதிப்போ மெகாபிட் கணக்கில் 10,000 என்று தரும். சாதனம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது நொடியில் நூறில் ஒரு பங்காக வரும். கடந்துபோகும் பைட்டுகளை எண்ணும் பழைய கவுன்டரும் 32 பிட்தான், அது ஒரு கிகாபிட் லிங்க் நிரம்பி ஓடினால் சுமார் 34 நொடிகளில் சுற்றிவந்து மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் படித்துப் போடும் கணக்கு எதற்கும் உதவாது. இதெல்லாம் எஸ்என்எம்பி மதிப்புகளை விவரிக்கும் எம்ஐபி கோப்புகளில் விளக்கமாகவே இருக்கிறது. கருவி எழுதுகிறவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கத்தை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

சிரிப்பாகவும் இருக்கிறது. 2002-இல் இணையக் கட்டமைப்பு வாரியம் நடத்திய நெட்வொர்க் நிர்வாகப் பட்டறையிலேயே, கன்ஃபிக் (சாதனத்துக்கு நாம் கொடுக்கும் அமைப்பு) வேறு, நடப்பு நிலை வேறு, புள்ளிவிவரம் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் கொடுங்கள் என்ற கோரிக்கை பதிவாகியிருக்கிறது. மனிதர்கள் கேட்டபோது மெதுவாக நடந்தது, இப்போது ஏஜென்ட்டுக்காக என்றதும் ஆளாளுக்கு ஓடுகிறார்கள்!

மாற்றங்கள் செய்யும் கருவிகளில் ஒன்றைக் கவனி. சாதனங்களின் கன்ஃபிக்கை மாற்ற உதவும் நெட்கான்ஃப் நெறிமுறையில், பிறகு உறுதிப்படுத்த வேண்டிய கமிட் (மாற்றத்தை அமலாக்கும் கட்டளை) இருக்கிறது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் 600 நொடிகளுக்குள் உறுதி வராதபோது மாற்றம் தானாகத் திரும்பிவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஏஜென்ட் கமிட் செய்த அடுத்த நொடியே உறுதியையும் அனுப்பிவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். எதைச் சோதித்த பிறகு உறுதி அனுப்பலாம் என்று எழுது. அண்டை ரவுட்டர் திரும்பவும் தெரிகிறதா, மேலாண்மை முகவரி புதிய இணைப்பை ஏற்கிறதா என்பதுபோல.

ஏஜென்ட்டைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் 'படிக்க மட்டும்', 'அழிக்கக்கூடியது' என்றெல்லாம் கருவிக்குக் குறி போடலாம்தான். அவை வெறும் குறிப்புகள், பூட்டு அல்ல. தடுக்க வேண்டியதை சாதனத்தின் பயனர் அனுமதியிலேயே தடுத்துவிடு. இன்டர்ஃபேஸ் விளக்கம், அண்டைச் சாதனத்தின் பெயர், லாக் வரிகள் எல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இடங்கள். அவற்றில் இருப்பது தகவல் மட்டுமே, அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்துவிடு. அதை மட்டும் நம்பியும் இருக்காதே.

அப்புறம், எடுத்துக்காட்டு முகவரிகள். ஏஜென்ட் அவற்றை அப்படியே எடுத்து ஓட்டிவிட வாய்ப்புண்டு. உங்கள் நெட்வொர்க்கின் நிஜ முகவரியைப் போடாமல், ஆவணங்களுக்கென்றே ஆர்எஃப்சி 5737 என்ற இணைய ஆவணம் ஒதுக்கிவைத்த 192.0.2.0/24 போன்றவற்றைப் போடு.

எழுதி முடித்ததும் ஆய்வகச் சாதனம் ஒன்றையும் உன் குறிப்பையும் மட்டும் ஏஜென்ட்டுக்குக் கொடுத்து, 'இந்த போர்ட்டில் ஏன் பிழைகள் கூடுகின்றன' என்று கேட்டுப் பார். அது முதலில் எந்தக் கருவியை அழைக்கிறது, எந்த மதிப்பைக் கற்பனையாக நிரப்புகிறது என்று பார்த்தாலே குறிப்பில் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். ஓட்டையை அடைக்கிறேன் என்று பக்கங்களைப் பெருக்காதே. அழைக்கும் இடத்திலேயே, அந்தக் கருவியின் விளக்கத்திலேயே, இரண்டு மூன்று வரிகளில் இருக்கட்டும்.

கன்ஃபிக்கை மாற்றும் கருவிகளின் குறிப்புகளை முதலில் எழுதி அனுப்பு, வார இறுதியில் உட்கார்ந்து பார்க்கிறேன். வெறுமனே படிக்கும் கருவிகள் கொஞ்சம் காத்திருக்கலாம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு